ஏழாம் எண்

அன்றும் மழை. வழக்கம்போல் காலையில் சோதனைக் கொட்டகைக்குள் நுழைந்தேன். பிசின் வாடை. காற்றாலைக்கான புது இறக்கை, அடிப்பக்கம் சுவரில் முடுக்கப்பட்டு, எழுபது மீட்டருக்கு இருட்டில் நீண்டிருந்தது. கண்ணாடி இழையும் பிசினும் அடுக்கி வார்த்த இறக்கைகளை மாதக்கணக்கில் ஆட்டி, எப்போது விரிசல் விடும் என்று பார்ப்பது எங்கள் வேலை. உள்ளே ஒட்டிய கம்பியில்லா உணரிகள் விரிசலின் சத்தத்தை என் திரைக்கு அனுப்பும்.

உணரிகளில் ஆறுக்குப் பிறகு எட்டுதான். ஏழாம் எண்ணை நாங்கள் எதற்கும் வைப்பதில்லை.

மூன்று வருடம் முன்பு ஏழாவது உணரி ஓயாமல் அலறியது. பசை விட்டிருக்கும் என்று நினைத்து அதன் ஒலியை அடக்கினேன். மறுபடி ஒட்ட என் கணவர் ட்ரூல்ஸ் உள்ளே தவழ்ந்து போனார். ஆட்டத்தை நிறுத்தியிருந்தோம், தொங்கும் எடைகளை இறக்கவில்லை. அரைமணி வேலைக்காக இரண்டு மணி நேரம் எடை இறக்க யாருக்கும் மனம் வராது. உள்ளேயிருந்து விரல்கணுவால் தட்டினார். இரண்டு, சற்று விட்டு ஒன்று. நன்றாக இருக்கிறேன் என்று எனக்குச் சொல்லும் வழி அது.

பிறகு இறக்கை பிளந்தது.

"கிரேத்தே, பதினொன்னாம் உணரி பேசமாட்டேங்குது. பேட்டரிய மாத்திட்டு வந்துடறேன்." அன்று காலை, என்னோடு வேலை செய்யும் போடில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டாள்.

"எடைய இறக்கிட்டுப் போ."

"அடியம்மா, அதுக்குள்ள எனக்கு பென்ஷனே வந்துடும்! பத்தே நிமிஷம். என் பன்னைத் தின்னுடாத."

நான் வற்புறுத்தவில்லை. எல்லாரையும் பயமுறுத்தும் விதவையாக இருந்து சலித்துப்போயிருந்தது.

திரையில் புதிதாக ஒரு கோடு தோன்றியது.

ஏழு.

இரண்டு துடிப்பு. சற்று விட்டு ஒன்று.

"போடில், தட்டினியா?"

"நான் இன்னும் உள்ளயே போகல." அவள் தலையும் தோளும் மட்டும் இறக்கைக்குள் தவழ்ந்து போகும் துவாரத்துக்குள் இருந்தன.

மறுபடியும். இரண்டு. ஒன்று.

ஓடிப்போய் அவள் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

"விடுடி, பைத்தியமா உனக்கு..."

அவள் முடிப்பதற்குள் உள்ளே காய்ந்த மரம் முறிவதுபோல் ஒரு சத்தம். துவாரத்திலிருந்து வெண்தூசு குபீரென்று எங்கள் முகத்தில் அடித்தது.

வெகுநேரம் போடில் என் கையை விடவில்லை.

எல்லாரும் போன பிறகு திரைக்கு வந்தேன். மற்றக் கோடுகள் அடங்கியிருந்தன. ஏழு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. ஒலியை அடக்கவா என்று திரை கேட்டது.

இந்த முறை அடக்கவில்லை.

இறக்கையின் அருகே போய் உட்கார்ந்து, அதன் குளிர்ந்த ஓட்டில் விரல்கணுவால் தட்டினேன். இரண்டு, சற்று விட்டு ஒன்று.

உள்ளே, என் கைக்கு நேர் எதிரில், யாரோ திருப்பித் தட்டினார்கள்.