போயிட்டு வா

அந்தக் கோடையில் சிறுவாணித் தண்ணீர் குடம் இரண்டு ரூபாய். விலையே வைக்கக்கூடாத பொருள்தான். ஆனாலும் பேரம் பேசினால் படியும், நாலு குடமாக எடுத்தால் ஏழு ரூபாய். வெங்கடபதி அதில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். நாக்கில் கரிப்பு போகவில்லை.

மெஷினை ஓட்டிப் பார்க்கும் சோதனைத் தொட்டியிலிருந்து தெறித்த ஒரு துளி உதட்டில் பட்டதிலிருந்து இப்படி. தொட்டியில் இருப்பது அவருடைய கணபதி பட்டறையின் போர் தண்ணீர். அது கடுக்கும், சோப்பு நுரைக்காது. கரித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சுற்றியிருந்த மில்லெல்லாம் மூடியிருந்தால்தான் கரண்ட் ஏறி இறங்காமல் நிற்கும் என்று மெஷின் ஓட்டிப் பார்க்க அன்றைக்கே நாள் வைப்பார்கள். தகரக் கூரை வெயிலில் சடசடத்தது. ஆயில் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. ஐஸ் கரைந்துபோன மீன்கூடையைக் கடந்து போகும்போது வருவது. கடலைப் பார்க்க நாலைந்து மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டிய ஊரில்.

கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலைக்கான டர்போசார்ஜர் அது. உப்பைச் சுமந்து வெளியே போகும் கழிவுநீரின் வேகத்தைப் பறித்து, உள்ளே வரும் தண்ணீருக்குக் கொடுக்கும். போகிறவனை உரித்து வருகிறவனைக் கொழுக்கவைப்பது. கடைவீதியில் அதற்கு வியாபாரம் என்று பெயர்.

மெஷினைப் புதிதாகச் செய்து முடித்தபோது தங்கை புருசன் பாலுசாமிதான் குழாய்களில் பெயிண்ட் அடித்தான். உள்ளே வரும் குழாயில் ‘வா’. கழிவுக்குழாயில் ‘போ’ என்று எழுதக் கை வரவில்லை.

“பூசை போட்ட புது மெஷினுங்க மச்சான். அதப் பாத்துப் போன்னு சொல்றதுங்களா?”

‘போயிட்டு வா’ என்று எழுதினான். பட்டறையே சிரித்தது.

மெஷினை மாட்ட அவரும் பாலுசாமியும்தான் ராமநாதபுரம் கடற்கரைக்குப் போனார்கள். ஆலைக்குக் கடல் தண்ணீர் எடுக்கும் கிணற்றில் சல்லடையைச் சுத்தம் செய்ய பாலுசாமி இறங்கியிருந்ததைப் பார்க்காமல் பம்பைப் போட்டது வெங்கடபதி. உடல் கிடைக்கவில்லை. அலை இழுத்துவிட்டது என்று தங்கையிடம் சொன்னார். செல்லாத்தாள் தாலியைக் கழற்றவில்லை. இரண்டு மாதமாக அவள் முகத்தைப் பார்த்தே சோறு தின்கிறார். அவளைத் தவிர அவருக்கு வேறு யாருமில்லை. ரிப்பேருக்குத் திரும்பி வந்த இந்த மெஷினை இன்று ஓட்டிக் காட்டிவிட்டால் நாளைக்கு லாரி ஏற்றிவிடலாம். பிறகாவது தூக்கம் வரும்.

ஓடிக்கொண்டிருந்த மெஷினின் கழிவுக்குழாய்க்குள் ஏதோ இருமியது.

காற்று அடைத்திருக்கும். வால்வைத் திறந்தார். மறுபடி இருமல், தண்ணீர் புரையேறிய மனிதத் தொண்டையின் இருமல்.

சுவிட்சை அமர்த்தினார். மோட்டார் நின்றது.

மெஷினுக்குள் சக்கரம் நிற்கவில்லை.

அதன் தண்டு தானாகச் சுற்றியது. தலைகீழாக. கழிவுக்குழாயின் வாயிலிருந்து எதுவோ உள்ளே வந்துகொண்டிருந்தது.

“ஏனுங்ணா, சோறு ஆறுதுங்க.”

வாசலில் செல்லாத்தாள், கையில் தூக்குப்போசி. இரண்டடி வைத்தவள் நின்றாள்.

“ஆருங்ணா அம்மணின்னு கூப்பிட்டது?”

“ஆரும் கூப்பிடலே கண்ணு. நீ வெளிய இரு.”

“அவரு கொரலு.” தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு மெஷினை நோக்கி நடந்தாள். முகத்தில் இரண்டு மாதமாக இல்லாத சிரிப்பு. “பம்பைப் போட்டது ஆருன்னு கேக்கறாருங்ணா. ஆருங்ணா போட்டது?”

அவள் குழாயில் காதை வைத்தாள். கேட்டாள். சிரிப்பு மெல்ல வடிந்தது. தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

“ஊட்டுக்குப் போ!” என்று கத்தினார். “போ!”

பிறந்ததிலிருந்து அவளிடம் சொல்லாத சொல்.

சக்கரம் சீறியது. அவள் உதடு வெடித்தது. கன்னம் ஒட்டியது. விரல்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. வளையல்கள் கழன்று சிமென்டில் உருண்டன.

பிறகு மெஷின் நின்றது.

குழாயில் சாய்ந்தபடி நின்றது அது, கொத்தவரை வத்தல் மாதிரி, சேலைக்குள். கண் இருந்த இடத்தில் வெள்ளையாக உப்பு. தாலி மட்டும் புதிதாக மின்னியது.

தொட்டியின் தகர மூடி அசைந்தது. ஓர் அங்குலம். உள்ளிருந்து நான்கு விரல்கள் விளிம்பைப் பிடித்தன. ஊறி வெளுத்தவை. அவர் கண்ணெதிரே சதை வைத்து, நிறம் ஏறின.

ஓட வேண்டும். ஆனால் இருபது வருடப் பழக்கத்தில் கை பென்சிலைத் தேடியது. தொட்டியின் தண்ணீர் அளவு காட்டும் மட்டக் கண்ணாடியைப் பார்த்தார். சோதனைத் தாளில் எழுதினார்.

தொடக்கத்தில் தொட்டியில்: இரண்டாயிரம் லிட்டர்.

வெளியிலிருந்து ஊற்றியது: இல்லை.

முடிவில்: இரண்டாயிரத்து முப்பது.