நாற்பத்தேழாம் தகட்டிலிருந்து மறைந்தவை

காலை 9.50. ஆல்புகர்க்கி நகரப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக்கூடம்.

லெனோரா விட்கம் பெட்டியைத் திறந்தாள். அலறவில்லை. கைக்கு எட்டிய நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

தகடு இருந்தது. அதன் மேல் இருந்தது இல்லை.

தங்கம் பூசிய தகடு. அதன்மேல் தேனடைபோலத் துளைகள் நிறைந்த சிலிக்கா படலம். துளைகளுக்குள் மின்சாரம் பாய்ச்சி அவள் வளர்த்த பல்லேடியக் கம்பிகள், தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லியவை. பதினோரு வார உழைப்பு. மதியம் இரண்டு மணிக்கு வெளியூர் நிபுணர்கள் வந்து அவற்றை அளப்பதாக இருந்தது.

10.20. வளாகக் காவல் சார்ஜென்ட் பெர்னடெட் சோசி கதவைப் பரிசோதித்தாள். பூட்டில் கீறல் இல்லை. காலை எட்டரைக்கு லெனோரா பூட்டிவிட்டுப் போனபோது கம்பிகள் இருந்தன. சாவி மூன்று பேரிடம்: லெனோரா, உடன் ஆய்வு செய்யும் ஹொவாக்கின் பாக்கா, பேராசிரியர் ஹார்லன் டுப்ரோ.

"வெறும் தகட்டை வெச்சிட்டு அதைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்றார் டுப்ரோ. "ஹொவாக்கினைக் கேளுங்க. ரெண்டு பேருக்கும் ஆறு மாசமாப் பேச்சே இல்ல."

"என் கம்பியே முளைக்க மாட்டேங்குது. அவளோடதத் திருடி மண்ணுலயா நடப்போறேன்?" என்று சீறினான் ஹொவாக்கின். "எட்டரைலேர்ந்து கிளாஸ் எடுத்தேன். தூங்கினவங்களைத் தவிர மத்தவங்க சாட்சி சொல்லுவாங்க."

"நீங்க, ப்ரொபசர்?" என்றாள் சோசி.

"என் ரூம்ல. இன்னைக்கு லேபுக்குள்ள காலே வைக்கல. சீக்கிரம் முடிங்க. மணி என்ன ஆச்சு?"

"பத்தரை" என்றாள் லெனோரா.

சோசி தகட்டைத் திருப்பினாள். பின்புறம் '47' என்ற கீறல்.

"இது யார் எழுத்து?"

"என்னோடதுதான்!" லெனோரா நிமிர்ந்தாள்.

"அப்போ தகடு மாறல. மேல இருந்த படலம் எதுல கரையும்?"

"ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துல. கண்ணாடியைக்கூட அரிச்சிடும். பிளாஸ்டிக் புட்டியிலதான் வைப்போம். படலம் கரைஞ்சா கம்பியெல்லாம் உதிர்ந்துடும்."

"அளந்தா யாருக்குச் சங்கடம்?"

லெனோரா தயங்கினாள். "ப்ரொபசர் கட்டுரையில பத்து மைக்ரான் நீளம்னு போட்டிருக்கார். நிஜத்துல பாதிகூட வளரல. வெள்ளிக்கிழமை அவர்கிட்டயே சொன்னேன்."



10.40. சோசி டுப்ரோவின் எதிரே வந்து நின்றாள்.

"கையில வாட்ச் கட்டியிருக்கீங்க. ஏன் மணி கேட்டீங்க?"

அவர் சட்டைக் கையை இழுத்துவிட்டார். அதற்குள் சோசி பார்த்துவிட்டாள். கடிகாரக் கண்ணாடியின் நடுவே பனி படிந்ததுபோல் ஒரு வெண்திட்டு. முள் தெரியவில்லை.

"துடைச்சும் போகல, இல்லையா? லேபுக்கே வராதவரோட கண்ணாடியை எது அரிச்சுது? தெறிச்ச துளி, ப்ரொபசர். நீங்கதான் கரைச்சீங்க."

 லெனோரா துள்ளி எழுந்தாள்.

"வாட்ச்ல பட்டுச்சுன்னா மணிக்கட்டுல?"

"கையுறை போட்டிருந்தேனே. வலிகூட இல்ல" என்று சொன்னவர், சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பதை உணர்ந்தார்.

"வலிக்காது. முதல்ல வலிக்கவே வலிக்காது! சாயங்காலத்துக்குள்ள எலும்புவரைக்கும் இறங்கிடும். நீங்கதானே எங்களுக்கே சொல்லிக்கொடுத்தீங்க?"

டுப்ரோவின் முகம் வெளுத்தது. சோசி ஆம்புலன்ஸை அழைத்தாள். லெனோரா கையுறைகளை மாட்டி, கடிகாரத்தைக் கழற்றி, அவர் கையைக் குழாயடியில் பிடித்தாள். சிவந்த ஒரு புள்ளி தெரிந்தது. அதன்மேல், அந்த அமிலத்தை முறிக்கும் கால்சியம் களிம்பை விடாமல் தேய்த்தாள்.

"லெனோரா, நான் உனக்கு..."

"கையை ஆட்டாதீங்க" என்றாள் அவள். அவள் கண்ணீர் அவர் சட்டைமேல் விழுந்துகொண்டிருந்தது. தேய்ப்பதை அவள் நிறுத்தவில்லை.