விளிம்பு அடங்கிய மாலை

உலையை அணைத்த பிறகும் மதுராவின் ஹெட்போனுக்குள் அந்தத் தட்டல் கேட்டுக்கொண்டிருந்தது.

பருத்தித்துறை வீட்டின் பின்னறையில் இருந்துகொண்டே, கடல் கடந்த ஆய்வுகூடம் ஒன்றின் அணுக்கரு இணைவு உலைக்கு அவள் வேலை செய்தாள். காந்த வளையத்துக்குள் அடைபட்டுச் சூரியனாய்க் கொதிக்கும் பிளாஸ்மாவின் விளிம்பு அடிக்கடி வெடித்து உலைச்சுவரைச் சுடும். சுற்றியுள்ள சுருள்களால் சிறு காந்தப்புலம் கொடுத்து, விளிம்பைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கசியவிட்டால் வெடிப்பு அடங்கும். அந்த வெடிப்புகளைத் தட்டல் ஒலியாக மாற்றிக் காதால் கேட்பது அவள் பழக்கம். இன்று முதன்முறையாக வெடிப்பெல்லாம் அடங்கியது. சந்தோசப்படக்கூடத் தெம்பில்லை. பக்கத்து அறையில் கணவன் பார்த்தீபன் முதுகுநோவில் நேற்று இரவிரவாக முனகியதில் அவளும் கண் மூடவில்லை.

ஆய்வுகூடத்தில் இருக்கும் எமில்ராஜை அழைத்தாள்.

"உங்கை இன்னும் என்ன ஓடுது?"

"ஒண்டுமில்லை அக்கா. அப்பவே நிப்பாட்டியாச்சு, சுருளுக்கும் கரண்ட் இல்லை. நீங்கள் போய்ப் படுங்கோவன்."

ஹெட்போனைக் கழற்றினாள்.

தட்டல் நிற்கவில்லை. இரண்டு அறைக்கும் நடுவிலுள்ள சுவரிலிருந்து வந்தது.

"இஞ்சருங்கோ, சுவரிலை தட்டுறியளோ?"

"இல்லையப்பா," பார்த்தீபனின் குரல் களைத்திருந்தது. "என்னைக் கொஞ்சம் படுக்க விடும்."

வெளியே மைம்மல் இருள் கவிந்து, கடலின் இரைச்சலும் ஒழுங்கையின் கருவாட்டு வாடையும் ஈரக்காற்றோடு யன்னல் வழியே நுழைந்துகொண்டிருந்தன. மெல்ல மெல்ல அந்த வாடையின் மேல் வேறொன்று படிந்தது, சூடேறிய செப்புக்கம்பியின் நெடி. சுவரைத் தொட்டாள். காய்ச்சல்காரனின் நெற்றிபோலச் சுட்டது. மேசையில் கிடந்த கதவுத் திறப்புக்கோர்வை தானாக நகர்ந்து சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. பின்னால் கத்தரிக்கோல்.

கழுத்தில் ஏதோ இழுத்தது. குனிந்து பார்த்தாள். தாலிக்கொடியில் கொழுவியிருந்த ஊசிகள் சுவரை நோக்கி நேராக நீட்டி நின்றன.

அப்போதுதான் ஆஸ்பத்திரி நினைவு வந்தது. முதுகெலும்போரம் பார்த்தீபனுக்கு வெடித்த செல்குண்டின் துண்டு ஒன்று, போர்க்காலத்து இரும்பு. எம்.ஆர்.ஐ. காந்தப்படம் எடுக்கக்கூடாது, துண்டை இழுத்துப்போடும் என்று டாக்டர் மறித்திருந்தார்.

ஓடினாள்.

கட்டில் வெறுமையாக இருந்தது.

தட்டல் நின்றிருந்தது.

அவன் சுவரில் இருந்தான். கட்டிலுக்கு மேலே, கால்கள் அந்தரத்தில். முதுகு முழுதும் சுண்ணாம்புக்குள் புதைந்திருந்தது. இரத்தம் இல்லை. சுவரில் வெடிப்பு இல்லை.

"இஞ்சருங்கோ!"

"இப்ப நோகேல்லை, மதுரா." கண் திறக்காமலே சொன்னான்.

கட்டிலில் ஏறிக் கையைப் பிடித்தாள். இழுத்தாள். சுவரும் இழுத்தது.

விரல்கள் நழுவின. தோள்கள் போயின. காதுகள் போயின.

வெள்ளைச் சுவரில் முகம் மட்டும். நிம்மதியாகக் குறட்டை விட்டது.