கோதுமை வயலில் ஒரு கப்பல்

கார்வெல் மாவட்டத்தில் கடல் இல்லை. ஏரியும் இல்லை. ஆறு என்று ஒன்று உண்டு. ஆகஸ்டு மாதத்தில் அதைக் கால் நனையாமல் தாண்டிவிடலாம். ஆனாலும் அந்த மாவட்டத்துக்கு ஒரு கப்பல் இருந்தது.

போர் நடந்தபோது, படைவீரர்களை ஏற்றிச் சென்று எதிரியின் கரையில் இறக்குவதற்காகக் கடற்படை நிறையக் கப்பல்களைக் கட்டியது. அத்தனைக்கும் பெயர் வேண்டுமே? மாவட்டங்களின் பெயர்களை எடுத்து வைத்தார்கள். அப்படித்தான் நெப்ராஸ்காவின் கோதுமை வயல்களுக்கு நடுவில் கிடந்த கார்வெலின் பெயரும் கடலுக்குப் போனது.

ஊரில் அந்தக் கப்பலைப் பார்த்தவர் ஒரே ஒருவர். தற்செயலாக அதிலேயே வேலைக்குப் போடப்பட்ட கிளைட் ஹால்ஸ்டெட். பத்து வயது வெர்னாவின் அப்பா.

போர் முடிந்து இரண்டு வருடங்கள் ஆகிவிட்டன. கப்பலையும் உடைத்துவிட்டார்கள். அதன் வெண்கல மணி மட்டும் ஒரு மரப்பெட்டியில் ரயிலேறி ஊருக்கு வந்திருந்தது. சனிக்கிழமை நண்பகலில் அதை நீதிமன்ற வாசலில் தொங்கவிட்டு அடிக்கப்போகிறார்கள். விழாவுக்குத் தலைவர் தீவனக்கடை டூலி.

"மணியடிக்க நம்ம கிளைடை விட்டா யாரு இருக்கா?" என்றார் வீடு தேடி வந்த டூலி.

"எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு, அப்பா காற்றாலை மேல் ஏறிவிட்டார்.

"அப்போ நானே அடிச்சுக்கிறேன்" என்றார் டூலி. அவர் முகத்தில் பெரிய வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வெர்னாவிடம் ஒரு தாளை நீட்டினார். "கடற்படைலேருந்து வந்திருக்கு. கப்பலோட வரலாறு. விழால நீ படி. இந்த ஊர்ல மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேக்கிற குரல் உனக்குத்தான்."

வரலாறு மொத்தமே நான்கு வரிகள்.

1944 அக்டோபர்: பணியில் சேர்ந்தது.
1945 ஏப்ரல்: படைவீரர்களைக் கரையிறக்கியது.
1945 அக்டோபர் முதல்: வீரர்களைத் தாயகம் திருப்பியது.
1946 மே: பணி முடிந்தது.

பக்கத்து வீட்டு லாய்டு எட்டிப் பார்த்தான். "எத்தனை கப்பலை மூழ்கடிச்சுது?"

"ஒண்ணுகூட இல்ல."

"ஏத்துச்சு, இறக்குச்சு, திரும்ப ஏத்துச்சு. அவ்வளவுதானா? அட, இது பஸ்ஸு! உங்கப்பா பஸ்ஸுல போயிட்டு வந்திருக்காரு!"

வெர்னாவுக்குக் காது சூடானது.

அப்பா மணியடிக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். கடலையே பார்க்காத டூலி அடித்தால் அந்த மணிக்கு என்னமோபோல் இருக்காதா? ஆனால் அப்பாவிடம் போரைப் பற்றிப் பேச்செடுக்க முடியாது. போன மாதம் தீவனக்கடையில் யாரோ, "எத்தனை பேரைச் சுட்டே, கிளைட்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அப்பா வாங்கிய கோழித் தீவனத்தை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். அவர் சரியாகத் தூங்குவதுமில்லை என்று அம்மா சொல்வாள். சேவல் எழும்போது அவர் பால் கறந்து முடித்திருப்பார்.

தாளின் அடியில் பொடி எழுத்தில் இன்னொன்று இருந்தது. நீளம் 455 அடி. அகலம் 62 அடி.

"அது எவ்வளவு பெருசு?" என்று கேட்டான் ஆறு வயதுத் தம்பி டீன்.

"தெரியலையே" என்றாள் வெர்னா. "வா, போட்டுப் பாத்துடலாம்."

மறுநாள் காலை இருவரும் அளவுக் கயிற்றையும், பேஸ்பால் மைதானத்துக்குக் கோடு போடும் சுண்ணாம்புத் தூளையும் எடுத்துக்கொண்டு அறுவடை முடிந்த வயலுக்குப் போனார்கள். டீன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெர்னா குனிந்து கோடு போட்டுக்கொண்டே போனாள், போனாள், போய்க்கொண்டே இருந்தாள். திரும்பிப் பார்த்தபோது தம்பி ஒரு புள்ளியாகத் தெரிந்தான்.

கப்பல் முடிய வெயில் ஏறிவிட்டது. கூர்மூக்கு கிழக்கே பார்த்தது. ஒரு வானம்பாடி வந்து அதன் நுனியில் உட்கார்ந்தது. பக்கத்து வயலில் இன்னும் அறுக்காத கோதுமை, காற்றில் எழுந்து விழுந்து, வெள்ளைக் கோடு வரை வந்து திரும்பிப் போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்த வெர்னாவுக்கு, அசைவது கோதுமையா வயலா என்று தெரியவில்லை. காலடியில் தரை மெல்ல ஆடியதுபோல் இருந்தது.

அப்போதுதான் அப்பா குறுக்கே வந்தார். கையில் எண்ணெய்க் குவளை. ஏதோ யோசனையில், அவர்கள் கதவு என்று விட்டிருந்த இடைவெளியை நெருங்கினார். நெருங்கியவர் தலையைக் குனிந்தார். ஒரு காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, எதையோ தாண்டி உள்ளே வைத்தார்.

டீன் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்பா, அங்க ஒண்ணுமே இல்லியே!"

அப்பா நின்று கீழே பார்த்தார். சுற்றிலும் பார்த்தார்.

"வாசப்படி" என்றார் கடைசியில். "கப்பல்ல இவ்வளவு உசரம் இருக்கும். தண்ணி உள்ள வராம இருக்க."

"நாங்க நம்ம வீட்டு வாசல் மாதிரி போட்டுட்டோம்" என்றாள் வெர்னா.

"அப்பா, பீரங்கி எங்க? எத்தனை பேரை..." என்று ஆரம்பித்தான் டீன். வெர்னா அவன் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டாள்.

"அப்பா, நீங்க எங்க தூங்குவீங்க?"

அப்பா அவளைப் பார்த்தார். "இதை யாரும் எங்கிட்ட கேட்டதே இல்ல."

முப்பது எட்டு எடுத்துவைத்தார். திரும்பி நின்று, ஏணியில் இறங்குவதுபோல் பின்பக்கமாகக் காலை வைத்தார். "இங்கதான். மூணு அடுக்கு. நான் நடுவுல. மேல ஒரு மினசோட்டா மாட்டுப்பண்ணைக்காரன், தூக்கத்துல பால் கறப்பான். கீழ கஸ். அவன் குறட்டைல எஞ்சின் சத்தமே கேக்காது."

வெர்னா சுண்ணாம்பால் மூன்று படுக்கைகளை அடுத்தடுத்து வரைந்தாள்.

"கரைக்கு ஆளுங்களைக் கொண்டுபோய் விடுற படகு நான் ஓட்டினேன். இன்னொண்ணு கஸ் ஓட்டினான். அது திரும்பி வரல" என்றார் அப்பா. "ஊருக்குத் திரும்பறப்ப கப்பல்ல ஆயிரத்து ஐநூறு பேரு. இடமில்லாம தரையில படுத்தாங்க. ஆனா கஸ் படுக்கைல மட்டும் யாரும் படுக்கல."

வெர்னா ஒரு பிடி சுண்ணாம்பை எடுத்து, கீழ்ப் படுக்கையில் ஒரு தலையணை போட்டாள்.

அப்பா மூக்கை உறிஞ்சினார்.

"லாய்டு இதை பஸ்ஸுங்கிறான்" என்றாள் அவள் மெதுவாக.

"சரியாத்தானே சொல்றான்? கடைசித் தடவை எல்லாருக்கும் இறங்கற இடம் ஒண்ணுதான். வீடு." அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. "கரை தெரிஞ்சதும் எல்லாரும் ஒரே பக்கம் ஓடிட்டானுங்க. கப்பலே சாஞ்சுபோச்சு. 'பாதிப் பேரு இந்தப் பக்கம் வாங்கடா, வீட்டு வாசல்ல வந்து முழுகணுமா?'னு கேப்டன் கத்தறாரு!"

"இதையெல்லாம் நான் சனிக்கிழமை படிக்கட்டுமா? கஸ் பேரையும்?"

அப்பா எண்ணெய்க் குவளையைக் கை மாற்றிக்கொண்டார். "முழுப் பேரு குஸ்டாவ் பெர்க்" என்றார். பிறகு வாசற்படியைத் தாண்டி வெளியே போனார்.

சனிக்கிழமை ஊரே கூடியிருந்தது. டூலி கயிற்றுக்குப் பக்கத்தில் தயாராக நின்றார். வெர்னா நான்கு வரிகளையும் படித்தாள். பிறகு தாளின் பின்பக்கம் தானே எழுதியதைப் படித்தாள். கப்பல் சாய்ந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். லாய்டுதான் சத்தமாகச் சிரித்தான். குஸ்டாவ் பெர்க்கின் காலிப் படுக்கை வந்தபோது ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

அவள் நிமிர்ந்தபோது கூட்டம் விலகி வழிவிட்டது. அப்பா வந்து டூலியின் முன் கையை நீட்டினார். டூலி கயிற்றைக் கொடுத்தார்.

டிங்-டிங். டிங்-டிங். டிங்-டிங். டிங்-டிங்.

அப்பா கயிற்றை விட்டுவிட்டார்.

"இன்னும் நாலு பாக்கி, கிளைட்!" என்று கிசுகிசுத்தார் டூலி. "மணி பன்னெண்டு!"

"கப்பல்ல ஒரு முறைக்கு நாலு மணி நேரம், அரை மணிக்கு ஒரு அடி, மொத்தம் எட்டுதான், டூலி. எட்டு அடிச்சா நம்ம முறை முடிஞ்சுதுன்னு அர்த்தம். இனிமே அடுத்தவன் பாத்துக்குவான். நாம போய்த் தூங்கலாம்."

அன்று பிற்பகல் வீட்டில் அப்பாவைக் காணவில்லை. வெர்னாவும் டீனும் தேடிக்கொண்டு வயலுக்குப் போனார்கள்.

கப்பலின் நடுப் படுக்கையில், தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு, அப்பா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் கோதுமை அலையடித்தது.

"ஷ்ஷ்" என்றாள் வெர்னா.

இருவரும் தலையைக் குனிந்து, முழங்காலை நன்றாக உயர்த்தி, சத்தமில்லாமல் கப்பலுக்குள் போனார்கள்.