காணாமற்போன ஐந்து கொத்து

வெள்ளி காலை 7.40. கோப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தின் அரிசிச் சாக்கில் கணக்கில் வராமல் ஐந்து கொத்து குறைந்திருந்தது.

சாக்கை நிறுத்தவர் கிடங்குப் பொறுப்பாளர் தியாகலிங்கம். கொழும்பில் ஓய்வுபெற்று வந்து, திங்கட்கிழமைதான் சாவியை வாங்கினார். கொத்து என்ற அளவுப் பேணியால் பத்துப் பிள்ளைக்கு ஒரு கொத்து அரிசி. ஊர் வழக்கப்படி “லாபம்” என்று பக்தியோடு சொல்லித்தான் அளக்கத் தொடங்குவார். சமையற்காரி அற்புதராணி அந்நேரம் அடுப்படியில் நெருப்பு மூட்டிக்கொண்டிருப்பாள்.

“வேலியே பயிரை மேயுது. நாலு நாளாய்ப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்” என்றார் அவர், அற்புதராணியைக் காட்டி.

பத்து வருடமாக அந்தப் பிள்ளைகளுக்குச் சமைத்தவள் அற்புதராணி. பத்து மணிக்குப் பள்ளி அதிபர் முடிவு சொல்வார். வேலை போவது ஒருபுறம். கள்ளி என்ற பேரோடு இந்த ஊரில் எப்படி நடப்பது?

8.10. கணித ஆசிரியை உதயகலா தியாகலிங்கத்தின் கணக்குக் கொப்பியைக் கேட்டு வாங்கினாள். திங்கள் நாற்பது பிள்ளைகள்; அன்று சாக்கிலிருந்து போனது ஐந்து கொத்து. செவ்வாய் எண்பது, ஒன்பது. புதன் நூற்றிருபது, பதின்மூன்று. வியாழனும் நூற்றிருபதுதான், ஆனால் பதினாலு.

“வியாழன் ஏன் கூட, அண்ணை?”

“அண்டைக்கு ரெண்டு தரம் அளந்தனான். பஸ் பிந்தினதாலை கொஞ்சப் பிள்ளையள் பிறகுதான் வந்தவை.”

“அக்கா, சோறு மிஞ்சினதோ?” என்று அற்புதராணியைக் கேட்டாள்.

“இல்லை ரீச்சர். இந்தக் கிழமை கனபேர் ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினவை.”

உதயகலா கொப்பியை மூடினாள். “அண்ணை, இண்டைக்கும் நாற்பது பேர். அளந்து காட்டுங்கோ.”

அவர் குனிந்து அளந்தார். “லாபம். ஒண்டு. ரெண்டு. மூண்டு. நாலு.”

தாச்சிச் சட்டியில் ஐந்து கொத்து அரிசி கிடந்தது.

“கள்ளனைப் பிடிச்சாச்சு” என்றாள் உதயகலா. “பிள்ளையள் இரட்டிச்சால் அரிசியும் இரட்டிக்க வேணும். அஞ்சின்ரை இரட்டிப்பு பத்து. சாக்கிலை குறைஞ்சது ஒம்பது. நாலு, எட்டு, பன்ரண்டு சரி. அதோடை, எத்தினை பிள்ளை வந்தாலும் மாறாத ஒரு கொத்து ஒட்டிக்கொண்டு நிக்குது. ரெண்டு தரம் அளந்த அண்டைக்கு ரெண்டு கொத்து. அப்ப பிழை அளக்கத் தொடங்கிற இடத்திலை. லாபம் எண்டு போடுற முதற் கொத்தே ஒண்டுதான், அண்ணை. அதுக்குப் பிறகு ரெண்டு.”

தியாகலிங்கம் கொத்தை நிலத்தில் வைத்தார். “கொழும்பிலை எல்லாம் தராசுதான், பிள்ளை. லாபம் சொல்லிறதைக் கண்டனான், எண்ணிறதைக் கவனிக்கேல்லை.” அற்புதராணியின் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, நான் சொன்னது பெரிய பிழை. அதிபரிட்டை நானே போய்ச் சொல்லுறன்.”

சொன்னபடி போனார். அற்புதராணி உதயகலாவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“என்ரை பேரைத் திருப்பித் தந்திட்டீங்கள், ரீச்சர். சாகுமட்டும் மறக்கமாட்டன்.”

“ஏழாம் வகுப்புக் கணக்குத்தான் அக்கா உது.”

அந்த ஐந்து கொத்தும் பிள்ளைகளின் வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது. அதை நினைக்க, அற்புதராணிக்குத் தியாகலிங்கத்தின் மேலிருந்த கோபமும் பாதி இறங்கிவிட்டது.

திங்கள் காலை அவர் கொத்தை அவளிடமே நீட்டினார். “நீங்களே அளவுங்கோ, தங்கச்சி.”

அவள் முதற் கொத்தைத் தாச்சியில் சரித்தாள். “லாபம்.”

அடுத்ததை அள்ளிவிட்டு, வேண்டுமென்றே பேசாமல் நின்றாள்.

“ரெண்டு” என்றார் தியாகலிங்கம்.