இரண்டு விரல் இடைவெளி

குளிர்காலத்துக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது. புதுக்கயத்தாற்றில் எல்லா வீடுகளிலும் மேசை நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வீட்டுக்குப் போர்வை தைத்துக்கொண்டிருந்தார்கள்.

மனிதர்களுக்கல்ல, வீட்டுக்குத்தான். செவ்வாயின் தென்பாதியில், ஒரு நீண்ட பள்ளத்தாக்கின் மேல் ஒளிபுகும் படலத்தை இழுத்துக் கட்டி, உள்ளே காற்றை நிரப்பி, படிபடியாக இறங்கும் ஆறு தெருக்களில் அவர்கள் குடியிருந்தார்கள். படலம் காற்றைப் பிடித்து வைக்கும். வெப்பத்தைப் பிடித்து வைக்காது. குளிர்காலம் கிட்டத்தட்ட நூற்றெண்பது நாள். அத்தனை நாளும் ஒவ்வொரு வீட்டின் கண்ணாடிக் கூரையையும் வெளிப்பக்கமாக மூன்றடுக்குப் போர்வை போட்டு மூட வேண்டும். அடியில் கனத்த துணி, மேலே வெள்ளிப்பூச்சுத் துணி, நடுவே வளிப்பஞ்சு. புகையைப் பிடித்துப் பிசைந்து வைத்தாற்போன்ற, எடையே இல்லாத பொருள் அது. மூன்றையும் சேர்த்துத் தைக்காவிட்டால் பஞ்சு ஒருபக்கம் சரிந்துவிடும். ஒரு குளிர்காலத்தோடு வெள்ளிப்பூச்சு உதிர்ந்துபோகும். பஞ்சை உருவி எடுத்து, அடுத்த வருடம் புதிதாகத் தைப்பார்கள்.

பொதுப் பட்டறையில் கொடுத்தால் ஒரே நாளில் தைத்துத் தருவார்கள். கொடுக்கிற வீட்டைப் பற்றித் தெருவில் பேச்சு வரும். அதனால் யாரும் கொடுப்பதில்லை.

"ஊசி விழுந்தா விழுந்ததுதான்" என்பது அந்த ஊர்ச் சொலவடை. வெள்ளித்துணியில் விழுந்த துளை பிறகு மூடாது. ஒரு வரியைப் பிரித்து வேறிடத்தில் தைத்தால், பழைய துளை வழியே வெப்பம் கசியும். ஆகவே எந்த வடிவத்தில் தைப்பது என்று முடிவுசெய்ய, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிட அதிக நாள் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் தெரு குணசுந்தரி அந்த முடிவுக்காகக் கிட்டத்தட்ட ஒரு செவ்வாய் வருடமாகக் காத்திருந்தாள். பூமிக் கணக்கில் இரண்டு வருடம்.

காத்திருக்க வைத்தது அவள் கணவன் சொன்ன ஒரு வாக்கியம். தங்கத்துரைக்குக் கூரைக் கண்காணிப்பில் வேலை. தெருத் தெருவாக நடந்து, போர்வைகள் சரியாகக் கட்டியிருக்கின்றனவா என்று வெளியிலிருந்து பார்த்துக் குறிப்பெழுதுவான். போன குளிர்காலத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்து, கையுறையைக் கழற்றியபடி, "நம்ம எஸ்தரு கூரையப் பாத்தியாளா? மீன்செதிலு மாதிரி தச்சிருக்கா. அர மணி நேரம் அங்கனயே நின்னுட்டேன்" என்றான்.

அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். குணசுந்தரி தட்டை அவன் முன் தள்ளி வைத்தாள். பதினோரு வருடமாக அவளும் போர்வை தைக்கிறாள். பதினோரு வருடமும் அவன் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டியிருக்கிறான். ஒரு நிமிடம் நின்று பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை.

எஸ்தரின் வீடு நான்காம் தெருவில், இவளுடைய சன்னலுக்கு நேர் கீழே இருந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் அந்தக் கூரை கண்ணில் விழும். ஆயிரக்கணக்கான செதில்கள், ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலம். காலை வெயில் பட்டால் பெரிய மீன் ஒன்று புரண்டு படுப்பது போலிருக்கும். குணசுந்தரி தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

போதாததற்கு அந்தக் குளிர்காலம் முழுவதும் எஸ்தர் தினமும் மதியத்தில் வந்து உட்கார்ந்தாள். கூடவே ஒரு கூடை, கூடைக்குள் ஒரு கோழி. ஊரில் கோழி வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். "தனியா விட்டா கத்துது மைனி" என்பாள். வெப்பப்பலகைக்கு அருகில் கூடையை வைத்து, தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, விளக்கு வைக்கும்வரை நகர மாட்டாள். கூரையைப் பற்றித் தன் வாயால் பாராட்டுச் சொல்ல வைக்கத்தான் வருகிறாள் என்று குணசுந்தரி நினைத்தாள். அதனால் இவள் ஒருநாளும் சொல்லவில்லை. கோழியைக் காட்டிக்கொள்ள வருகிறாள் என்றும் நினைத்தாள். அதைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பூமியிலிருந்து வந்தபோது ஆளுக்கு நாற்பது கிலோதான் சாமான் என்று நிறுத்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். சில சாமான்களுக்கு எடை கிடையாது.

இந்த வருடம் துணிகளை விரித்து, பஞ்சைப் பரப்பி, துளை விழாதபடி சாண் இடைவெளியில் காந்தக் கவ்விகள் வைத்து முடித்ததும், குணசுந்தரி தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். எந்திரத்துக்குள் ஒரு யோசனி இருந்தது. அங்கே எல்லாச் சாதனங்களிலும் ஒரு யோசனி உண்டு. கேட்டதற்குப் பதில் சொல்லும், கேட்காததையும் சில சமயம் சொல்லும். ஊரிலிருந்த எந்திரங்கள் எல்லாம் ஒரே பதிவேட்டைப் பார்த்தன. ஒருவர் வடிவத்தை மற்றவர் போடக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு.

"எஸ்தரு என்ன வடிவம் பதிஞ்சிருக்கா?"

"பிறருடைய தேர்வைத் தனியாகக் கேட்டால் சொல்ல இயலாது" என்றது யோசனி, அச்சடித்த தமிழில்.

குணசுந்தரி சற்று நேரம் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி. நான் போடக் கூடாத வடிவமெல்லாம் காட்டு. வீட்டு நம்பரோட."

அதைக் காட்டத்தான் பதிவேடு இருந்தது. பீர்க்கங்கொடி, சங்கு, ஏணிப்படி, தேன்கூடு என்று ஓடிய பட்டியலில் எஸ்தரின் வீட்டு எண்ணுக்கு எதிரே நேர்கோடு என்றிருந்தது. ஒரு சாண் இடைவெளி.

"நேர்கோடா? அவளா?" குணசுந்தரிக்குச் சிரிப்பு வந்தது, உடனே போய்விட்டது. "எமகாதகி. எல்லாரையும் ஏமாத்துறதுக்குப் பதிஞ்சு வச்சிருக்கா. கடைசி நாளு மாத்துவா."

மாற்றினாலும் எட்ட முடியாத ஒன்று வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. மூன்று நாள் யோசித்தாள். நான்காம் நாள், பாத்திரம் கழுவும்போது, தொட்டியில் சொட்டிய நீரைப் பார்த்துக் கை நின்றது.

மழை. குளத்தில் விழும் மழை. ஒவ்வொரு துளிக்கும் ஒரு வளையம், வளையத்துக்கு வெளியே வளையம், ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு விரிகிற நூற்றுக்கணக்கான வளையங்கள். மழையே பெய்யாத ஊரில் கூரை முழுக்க மழை.

"எத்தனை விரல் இடைவெளி?" என்று யோசனி கேட்டது.

"ரெண்டு."

"நான்கு விரலுக்குக் குறைந்தால் வளிப்பஞ்சு அமுங்கிவிடும். அமுங்கிய பஞ்சு வெப்பத்தைத் தாங்காது."

"ஒன்ட்ட கேட்டனா?"

"பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. போர்வை யாருக்கு? உள்ளே இருப்பவர்களுக்கா, வெளியே பார்ப்பவர்களுக்கா?"

அசட்டுக் கேள்வி என்று அவள் எரிச்சலோடு இரண்டாவதை அழுத்தினாள்.

தங்கத்துரையும் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தான். "நாலு விரலுன்னு அளவு வச்சது சும்மா இல்லளா. வீடு குளுந்துரும்."

"எஸ்தரு ரெண்டு வெரலுல தைக்கும்போது அந்த அளவு எங்க போச்சு? அர மணி நேரம் நின்னியளே, அப்பச் சொல்லியிருக்கலாம்லா?"

அவன் கையுறையைத் தேடிப் போனான். கூரையைப் பராமரிக்காமல் விட்டால் தவிர, வடிவத்தில் குறை சொல்ல அவனுக்கு அதிகாரமும் இல்லை.

ஏழு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம். எந்திரத்தின் கைக்கு அடியில் முழங்கை அளவுதான் இடம். இரண்டு பக்கத்தையும் பாயைப் போலச் சுருட்டி, நடுவில் ஒரு பட்டையை மட்டும் திறந்து வைத்துத் தைக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குத்தான் போகலாம். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் துணி நடுவில் மிஞ்சிச் சுருக்கம் விழும். நேர்கோடென்றால் சுருளைத் தள்ளிக்கொண்டே போகலாம். வளையத்துக்கு ஒவ்வொரு துளியையும் சுற்றிச் சுற்றித் திருப்ப வேண்டும். தங்கத்துரை வேலை விட்டு வந்ததும் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு, "எடத்தயா, வலத்தயா?" என்று கேட்டுக் கேட்டுத் திரும்பினான்.

"பிள்ளையத் தூக்குற மாதிரித் தூக்குங்க. தொங்கவிட்டா வளையம் கோணுது."

"பிள்ளைன்னா அழும். இது என்னைய அழ வைக்குது."

இருபத்தாறு நாள். பதினான்கு ஊசி ஒடிந்தது. அடிநூல் தீர்ந்தது தெரியாமல் ஒரு முழு வளையத்தை வெறும் துளையாகத் தைத்த அன்று, அவள் எந்திரத்தின் மேல் தலையைச் சாய்த்துக் கிடந்தாள். பிறகு எழுந்து, அதே துளைகளில் ஊசியை ஒவ்வொன்றாக இறக்கிக் கையால் தைத்தாள்.

போர்வையைக் கட்டிய அன்று, அவள் கூரையை மேலிருந்து பார்க்கும் இரண்டாம் தெரு அசைவற்று நின்றது. பூமியில் பிறந்த இரண்டு கிழவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். மழையைப் பார்த்தேயிராத பிள்ளைகள், துளி விழும் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். ஆறு தெருக்காரர்களும் வந்து படம் எடுத்தார்கள். தங்கத்துரை மேலே போய் நின்றான். முக்கால் மணி நேரம் நின்றான். சன்னலோரம் இருந்து அவள் கணக்கு வைத்தாள்.

அதே கையோடு கீழே திரும்பிப் பார்த்தாள். எஸ்தரின் கூரையில் நேர்கோடு. ஒரு சாண் இடைவெளி. சொன்னபடியே தைத்திருந்தாள். போட்டிக்கே வராதவளை ஜெயித்திருக்கிறோம் என்று தெரிந்தபோது, குணசுந்தரிக்கு வெற்றியில் உப்புக் குறைந்தாற்போலிருந்தது.

குளிர்காலம் பிறந்த ஒன்பதாம் நாள் வீட்டுக்குள் வாய் திறந்தால் புகை வந்தது. இருபதாம் நாள் இருவரும் மேலாடையோடு படுத்தார்கள். வீட்டுக்கு இவ்வளவு மின்சாரம் என்று ஊரில் அளவு உண்டு. வெப்பப்பலகை தன் பங்கைச் செய்தது. செய்தது எல்லாம் வளையங்கள் வழியே மேலே போயிற்று. குளிர்காலத்தின் நடுவில் போர்வையை இறக்க முடியாது. இறக்கினால் ஒரே நாளில் கண்ணாடி விரிசல் விடும்.

கூரையின் கீழ் ஒரு தொட்டியில் கறிவேப்பிலைச் செடி இருந்தது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. குணசுந்தரி தன் நாற்பது கிலோவில் ஒரு விதையை ஒளித்துக் கொண்டுவந்து வளர்த்தது. முப்பதாம் நாள் அதன் இலைகள் ஓரம் கறுத்தன. முப்பத்திரண்டாம் நாள் தொட்டதும் ஒரு கொத்து உதிர்ந்தது.

"யாரு வீட்டுலயாவது கொஞ்ச நாளு வச்சா என்ன?" என்றான் தங்கத்துரை.

"வச்சா, ஏன்னு கேப்பாங்க."

மறுநாள் மதியம் செடியைச் சால்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு நான்காம் தெருவுக்கு இறங்கினாள். எஸ்தர் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து வந்த வெப்பம் முகத்தில் பட்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது. வெளிக்காற்று என்று துடைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுல வெளிச்சம் பத்தல எஸ்தரு. அதான் ஒன் வீட்டுல பகல்ல வச்சுக்கிடலாமான்னு."

"வைங்க மைனி." எஸ்தர் செடியைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். கேள்வி கேட்காமல் தேநீர் போட்டாள்.

குணசுந்தரி வெப்பப்பலகைக்கு அருகில் உட்கார்ந்து, கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் கூடை காலியாகக் கிடந்தது. கோழி சட்டையில்லாத குழந்தை போல வீடெல்லாம் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

குணசுந்தரி கோப்பையைக் கீழே வைத்தாள். போன வருடக் கூடை, கோப்பை, விளக்கு வைக்கும்வரை நகராத அந்த உடம்பு எல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்குள் வந்து அமர்ந்தன.



"போன வருசம் ரொம்பக் குளுந்துச்சோ?" என்றாள் குணசுந்தரி.

"முட்டையே இடல மைனி. ரெண்டு கால் நகமும் செத்துப் போச்சு எனக்கு."

"சொல்லியிருக்கலாமேட்டி."

"நீங்க சொன்னியளா? வெளிச்சம் பத்தலன்னுதான சொன்னிய."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றபோதுதான் குணசுந்தரி எதிர்ச்சுவரைப் பார்த்தாள். அங்கிருந்த திரையில், சுவரளவுக்குப் பெரிதாக்கிய கூரைப் படத்தில், அவளுடைய மழை பெய்துகொண்டிருந்தது.

எஸ்தர் அவள் பார்வையைத் தொடர்ந்து திரும்பினாள். முகம் மாறியது. "தெனமும் பாக்கேன். பாக்கக் கூடாதுன்னுதான் நெனைக்கேன். குளிரத் தாங்கிக்கிட்டேன் மைனி, நெசமா. இந்த வருசம் ஒருத்தரும் என் கூரைய எட்டிப் பாக்கலியே, அதத்தான் தாங்க முடியல."

"கதகதன்னு இருக்கு ஒன் வீடு. அது போதாதா?"

"கதகதப்ப யாரு பாக்கா?" என்றாள் எஸ்தர். கோழியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அடுத்த வருசத்துக்குப் பதிஞ்சாச்சு."

"என்ன வடிவம்?"

"சொல்ல மாட்டேன்."

குணசுந்தரி செடியை அங்கேயே விட்டுவிட்டு வீடு திரும்பினாள். மேலாடையைக் கழற்றாமல் எந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். "அடுத்த வருசம் நான் போடக் கூடாத வடிவமெல்லாம் காட்டு."

பட்டியல் நீண்டது. இத்தனை சீக்கிரம் இத்தனை பேர் எந்த வருடமும் பதிந்ததில்லை. அருவி, கடல், சூறாவளி, நெல்வயல். எஸ்தரின் எண்ணுக்கு எதிரே ஆலமரம், ஒரு விரல் இடைவெளி.

"எனக்கு அர வெரலு பதிஞ்சுக்கோ. வடிவம் பெறகு சொல்லுதேன்."

"அவ்வளவு நெருக்கமாகத் தைத்தால் அது போர்வையாக இராது. படமாகத்தான் இருக்கும்."

 அவள் கூரையின் கீழ் காலியாகக் கிடந்த இடத்தை, செடித்தொட்டியின் வட்டத் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஊருல அடுத்த வருசம் நேர்கோடு போடப் போறது யாரு? ஒரு சாண் எடைவெளியில. அவுக வீட்டு நம்பரு மட்டும் சொல்லு, போதும்."

யோசனி ஆறு தெருவையும் தேடிப் பார்த்தது.

"நேர்கோட்டை யாரும் பதியவில்லை. இன்னும் எதையும் பதியாத வீடு ஒன்றே ஒன்றுதான்" என்றது. "அது உங்களுடையது."

குணசுந்தரி சால்வையை இறுக்கிப் போர்த்திக்கொண்டாள். வாயிலிருந்து வந்த புகை எந்திரத்தின் மேல் படிந்து மறைவதை இரண்டு மூன்று முறை பார்த்தாள்.

"அர வெரலு" என்றாள்.