சீல் சாரின் ஒரே தட்டு

சமையலறையில் மனைவியின் போன் கரகரத்தது.

முதலில் பிசகியது அதுதான். போனில் வரும் பாட்டுக்கு ஏது கரகரப்பு? கழுவித் துடைத்த பீங்கான் மாதிரி வழவழவென்று இருக்கும். உயிரும் பீங்கானுக்கு உள்ள அளவுதான் இருக்கும் என்பது சீல் சாரின் கட்சி. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த மாலையில், இசைத்தட்டு அறையில் வெள்ளைக் கையுறையோடு உட்கார்ந்து தூசி தட்டிக்கொண்டிருந்தவர், மூக்கால் சிரித்தார்.

"கீறல் சத்தத்தைக்கூட போலியாப் பண்ணி விக்க ஆரம்பிச்சுட்டானுங்களா!"

சீல் சார் என்பது பழைய இசைத்தட்டுக் கடைக்காரர்கள் வைத்த பெயர். கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் உறை பிரியாத தட்டாகப் பார்த்து வாங்குவார். வாங்கியதை ஆயுசுக்கும் பிரிக்கமாட்டார். பிரித்தால் மதிப்பு போய்விடுமாம். கூரை வரை அடுக்கியிருக்கிறது, ஒன்றாவது அவர் காதில் விழுந்திருக்கிறதா என்றால் இல்லை. பிளேயருக்கு வெல்வெட் போர்வை வேறு. இந்த லட்சணத்தில், உலகத்தில் மற்ற அத்தனை பேரும் ரசனை கெட்ட ஜென்மங்கள். மாதச் சந்தா கட்டிப் போனில் கேட்பவன் வாடகைக்குக் குடியிருப்பவன். சொந்தமென்று ஒரு பாட்டு உண்டா அவனுக்கு? பத்து விநாடி கேட்டுவிட்டுக் கட்டைவிரலால் அடுத்ததற்குத் தள்ளுகிற சொந்த மனைவி, அவர் கணக்கில் அதற்கும் கீழே.

கரகரப்பு நிற்கவில்லை. அதற்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் முனகியது. ராகம் பாதியில் நழுவியது. ஒரு இருமல். மறுபடி முதலிலிருந்து பிடித்தது.

சீல் சார் பீரோவைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் குரல் இருக்கும் தட்டு உலகத்திலேயே ஒன்றுதான். அது இந்த அறையில், பீரோவில், பூட்டுக்குள் இருந்தது.

சமீபத்தில் இறந்துபோன ஒரு ரேடியோ மெக்கானிக்கின் வீட்டிலிருந்து கொண்டுவந்தது அது. எந்த வீட்டில் சாவு விழுகிறதென்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருப்பதும், துக்க முகத்தோடு போய்ப் பழைய தட்டையெல்லாம் குப்பை விலைக்கு அள்ளி வருவதும் சாருக்குக் கைவந்த கலை. மெக்கானிக்கின் மனைவி, துணி தைத்துப் பிழைக்கிற அம்மா, கேட்டதையெல்லாம் கொடுத்தார். ஒன்றை மட்டும் மடியில் இறுக்கிக்கொண்டார். மெக்கானிக் தானே செய்த மெஷினில் தன் குரலை வெட்டி எடுத்த தட்டு.

"அவரு பேசப் பேச ஊசி வெட்டிக்கிட்டே போகும் சார். கருப்பு நூல் மாதிரி சுருள் சுருளா வரும், நான்தான் பெருக்கித் தள்ளுவேன். அவரு குரல் இதுல மட்டும்தான் இருக்கு. இதை மட்டும் விட்டுடுங்க."

ஒரு தடவை ஓடவிட்டும் காட்டினார். மெத்தென்ற தட்டு, ஓட்ட ஓட்டத் தேய்ந்துவிடும். மனசு தாங்காத நாளில் மட்டும்தான் போட்டுக் கேட்பாராம். சீல் சாருக்கு அந்த முனகலில் ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஒரே பிரதி என்பது மட்டும் விளங்கியது.

"பூசணம் புடிச்சிருக்கும்மா. இதையும் சேத்துக் குடுத்தாத்தான் மத்ததை எடுப்பேன்" என்று சொல்லி மடியிலிருந்து உருவிக்கொண்டு வந்தார். மனுஷனா இவர்?

இப்போது சமையலறைக்குப் பாய்ந்தார். உப்பு ஜாடியில் சாய்த்திருந்த போனில் பெயரில்லை, படமில்லை. வெறும் கருப்பு.

"என் தட்டைத் திருட்டுத்தனமா காப்பி பண்ணுனியா?"

"ஆமா, பீரோ சாவியைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் தூங்கறது நானா நீங்களா? அதுவா வந்துச்சு." மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "நல்லாத்தாங்க இருக்கு. யாரோ வேலை பாத்துக்கிட்டே பாடற மாதிரி... இது அந்தத் தையல்காரம்மாவோட தட்டா? பாவம்ங்க. இப்பவே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

"உனக்கென்னடி தெரியும்? உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கு!"

"அவங்களுக்கும் ஒண்ணுதானே இருந்துச்சு." கையைத் துடைத்துக்கொண்டு, போனையும் எடுத்துக்கொண்டு, பால் வாங்கக் கீழே போய்விட்டாள்.

வீடு அடங்கியது. அப்போதுதான் அந்த வாசனை. ஈயம் உருகும் வாசனை, ரேடியோ ரிப்பேர் கடைகளில் அடிக்குமே, அது இசைத்தட்டு அறையிலிருந்து மெல்லக் கசிந்து வந்தது. சார் பீரோவைத் திறந்தார். உறை இருந்தது. உள்ளே தட்டு இல்லை.

சரசரவென்று ஏதோ தேய்ந்தது.

பிளேயர் பக்கம். வெல்வெட் போர்வையின் நடுப்பகுதி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. போர்வையை இழுத்தார்.

தட்டு சுற்றியது. பிளக் சுவரில் இல்லை, தரையில் கிடந்தது. தட்டில் கோடே இல்லை. மழித்த மாதிரி மொழுமொழுவென்று இருந்தது. மெக்கானிக் அதில் இல்லை. ஊசி மட்டும் விளிம்பில் காத்திருந்தது.

"யாருடா?" என்றார்.

சத்தம் வரவில்லை. உதடு அசைந்தது. ஊசிமுனையிலிருந்து, மயிரிழை தடிமனில், ஒரு கருப்பு நூல் சுருண்டு எழுந்தது.

"யாருடா அது?" இன்னும் கொஞ்சம் நூல்.

ஊசியைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். அசையவில்லை. மேலே வேறொரு கை அழுத்திக்கொண்டிருந்தது. கையைக் காணோம். அழுத்தம் மட்டும்.

"இங்க வா! ஐயோ, இங்க வா!" நூல். நூல். நூல்.

வாசற்கதவு திறந்தது. ஓடினார். மனைவி ஒரு கையில் பாலும் ஒரு கையில் போனுமாக நின்றாள். போன் கரகரத்தது.

"யாருடா? யாருடா அது?" போனிலிருந்து வந்தது அவர் குரல். மெலிந்து, கீறல் விழுந்து, எவனோ ஒருவனுடைய குரல் மாதிரி. "இங்க வா! ஐயோ..."

அவள் முகம் சுளித்தாள். "என்ன கண்றாவி இது, எவனோ கத்தறான்."

நான்தான். நான்தான்டி. அவர் வாய் திறந்து மூடியது.

பத்து விநாடிகூட ஆகவில்லை. கட்டைவிரல் தள்ளியது. அடுத்த பாட்டு, வழவழவென்று, ஆரம்பித்தது.

சார் இருந்த மூச்சையெல்லாம் திரட்டிக் கத்தினார். நாக்கில் ஏதோ குறுகுறுத்தது. உதட்டைத் தாண்டி வழிந்தது. கருப்பாக. மெல்லிசாக. மார்பில் சுருண்டு, தரையில் விழுந்து, விழுந்துகொண்டே இருந்தது.

"தரையெல்லாம் என்னங்க இப்படிக் குப்பை பண்ணி வச்சிருக்கீங்க?" என்றாள். துடைப்பத்தை எடுத்து, பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டே, அவர் காலடியில் குவிவதைப் பெருக்கித் தள்ள ஆரம்பித்தாள்.